பாலைவனத்துக்கே தண்ணீர் காட்டியவர்கள்

ஜெய்சல்மேருக்குப் போகாதவர்கள் போன பிறவியில் ஏதோ பாவம் செய்தவர்கள். போனவர்கள் இந்தப் பிறவியில் செய்துகொண்டிருக்கும் புண்ணியங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பாகிஸ்தான் எல்லை மாவட்டத்திலிருக்கும் அந்தப் பாலைவன நகரத்துக்கு இந்தக் குளிர்காலத்தில்தான் முதல் முறையாகப் போனேன். மணலும் ஒட்டகமும் பார்க்கலாம் என்று போன இடத்தில் மனிதர்களின் தாராள மனசைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

ஜோத்பூரிலிருந்து காரில் போனோம். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாலை என்றால் அதுதான் சாலை. குழி கிடையாது, வளைவு என்பது அபூர்வம். செல்போனில் வழி சொல்லும் அம்மணி வெகுநேரம் பேசாமலிருக்க, கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்றுகூட நினைத்தோம். பக்கத்தில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டாங்கி போவதற்காகப் போட்ட சாலையில் சுற்றுலாக்காரன் காலை நீட்டிக்கொண்டு போகிறான். சாலை ஒழுங்காக இருக்கவேண்டுமென்றால் அதன் மறுமுனையில் ஒரு பகை நாடு இருக்கவேண்டும் போலிருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் மாவட்டங்கள் ஒன்றோடொன்று சமாதானமாக இருந்தே சாலைகளைக் கெடுத்துவிட்டன.

பாதி வழி தாண்டியதும் பொக்ரான். 1974 மே 18 அன்றும், பிறகு 1998 மே 11, 13 தேதிகளிலும் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பகுதி. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் ராணுவ உடையில், வேறொரு பெயரில் நடமாடியது இங்கேதான். வெடித்த இடத்துக்கு நம்மை விடமாட்டார்கள். அதனால் என்ன, ஊருக்குள் சம்சம் என்ற பால் இனிப்பு பிரமாதமாக இருக்கிறது. வண்டிகளெல்லாம் அதற்காக நிற்கின்றன. வெடிப்பிடத்துக்குப் பக்கத்துக் கிராமமான கேதோலாயில் மட்டும் சில பேர் நோய் என்றும் சுவரில் விரிசல் என்றும் பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். தேசத்தின் பெருமைக்கு அவ்வளவு பக்கத்தில் வீடு கட்டிக்கொள்ளும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதை அனுபவிக்கத் தெரியவேண்டும். நாங்கள் ஒரு கிலோ சம்சம் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

இனி கோட்டை. தட்டையான நிலத்தில் அது தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. மாலை வெயிலில் கல் முழுக்க மஞ்சள். சத்யஜித் ராய் அதைப் பொற்கோட்டை என்று 1974-ல் படமாகவே எடுத்தார். இன்றைக்கும் வங்காளிகள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர் கல்லைப் பொன்னாகக் காட்டினார். நாம் இன்னும் ஒரு படி மேலே போய் அதைப் பணமாகவே மாற்றிவிட்டோம்.

1156-ல் ராவல் ஜெய்சல் என்பவர் திரிகூட மலைமேல் இந்தக் கோட்டையை எழுப்பினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தக் காலத்து அறிவு அவ்வளவுதான். மலை என்பது பெயருக்குத்தான். சுமார் 75 மீட்டர் உயரக் குன்று. மணற்பாறை, இடையிடையே களிமண் படிவு. நனைந்தால் இளகிவிடும். நனையவே நனையாது என்ற தைரியத்தில் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் காரை பூசாமல் கல்லோடு கல்லைக் கோத்த மதில், வீடுகளுக்கு மண் கூரை. பெய்கிற சொற்ப மழையும் உள்ளே தங்கிவிடாமல் நாலு பக்கமும் வெளியே ஓடிவிட வடிகால்கள். குடிதண்ணீர் கீழேயிருக்கும் கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் ஏறி வந்தது. குன்றேறிச் சுமந்த தண்ணீரை யார் கீழே கொட்டுவார்கள்? ஒரே தண்ணீரில் முகமும் கழுவி, பாத்திரமும் கழுவி, மிச்சத்தை மாட்டுக்கும் வைத்திருப்பார்கள். இப்படியாக அந்தக் குன்று எண்ணூறு வருஷம் காய்ந்தே கிடந்தது. எவ்வளவு வறண்ட வாழ்க்கை!

நாம் போய்த்தான் அதை நனைத்தோம்.

முதலில் குழாய் வந்தது. குழாய்க்குப் பின்னால் விடுதிகள் வந்தன, விடுதிகளுக்குப் பின்னால் குளியலறைகள், மொட்டை மாடி உணவகங்கள், துவைக்கும் இயந்திரங்கள். கோட்டைக்குள் இன்னும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். இந்தியாவில் இப்படி மக்கள் வாழும் கோட்டைகள் சொற்பம். ஆனால் ஒரு குன்றை ஊறவைப்பது அந்த ஏழெட்டுத் தெரு ஜனங்களால் மட்டும் ஆகிற காரியமா? ஒரு குடும்பம் எவ்வளவுதான் செலவழிக்கும்? வெளியூர்க்காரர்கள் கை கொடுத்தார்கள். நாள் முழுக்கப் புழுதியில் அலைந்துவிட்டு வந்து காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல், ஒட்டகச் சவாரி போய்வந்தால் இன்னொன்று. சாக்கடை போட்டார்கள்; அது கசிந்தது. பழைய வடிகால்கள்மேல் கட்டடம் கட்டினார்கள். தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு குன்றுக்குள் இறங்கியது. 1990-களில் கொத்தளங்கள் சரிய ஆரம்பித்தன. ராணி மாளிகையின் ஒரு பகுதி இடிந்து, பிறகு வெளிநாட்டு உதவியோடு எடுத்துக் கட்டினார்கள். 2024 ஆகஸ்டில் ஒரு மழைக்கு மதிலின் ஒரு துண்டு சாலையை நோக்கி இறங்கி வந்தது. எத்தனையோ படைகள் முற்றுகையிட்டும் அசைக்க முடியாததை ஆயுதமே எடுக்காமல், சோப்பும் துண்டுமாகப் போய்ச் சாதித்திருக்கிறோம். வீரம் என்றால் இதுவல்லவா வீரம்.

உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற அமைப்பு 1996-லேயே ஜெய்சல்மேர் கோட்டையை ஆபத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2013-ல் யுனெஸ்கோ, ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளில் ஒன்றாக இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு பட்டியலிலும் இடம்பிடிப்பது லேசான சாதனையா? முதல் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்துசெய்தவர் யாரையும் நான் சந்திக்கவில்லை. இரண்டாவதைப் பார்த்துவிட்டு வந்தவர்களை வாசலிலேயே சந்தித்தேன். வரிசையில் நிற்க இடமில்லை.

நாங்கள் தங்கிய விடுதியில் ரெயின் ஷவர் இருந்தது. ஜெய்சல்மேரில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழை சுமார் 20 சென்டிமீட்டர்தான், சென்னைக்கு 140. அந்த ஊரில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு வானம் ஓராண்டில் தருவதை அந்தக் குழாய் கால் மணியில் தந்துவிடுகிறது. இத்தனைக்கும் ஒரு சுவிட்சுகூடப் போட வேண்டியதில்லை, திருகினால் போதும். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு அட்டை: இது பாலைவனம், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். நல்ல தடிமனான, பளபளப்பான அட்டை. எவ்வளவு தண்ணீர் பட்டாலும் ஊறாது.

கோட்டையைப் போலவே கடைத்தெருவுக்கும் நாம் புத்துயிர் தந்திருக்கிறோம். ஒரு காலத்தில் இந்த வழியாகச் சிந்துவுக்கும் அதற்கு அப்பாலும் வணிகக் கூட்டங்கள் போய்வந்தன. பட்வா குடும்பத்தார் ஜரிகையிலும் அபினிலும் சேர்த்த பணத்தில் ஐந்து மாளிகைகளைக் கல்லில் செதுக்கிவைத்தார்கள். பிறகு பம்பாய்த் துறைமுகம் வணிகத்தைக் கடலுக்கு இழுத்துக்கொண்டது; பிரிவினை மிச்ச வழியையும் அடைத்தது. இப்போது அந்தக் குறையெல்லாம் தீர்ந்துவிட்டது. ஹாபூர் என்ற ஊர்க் கல்லில் செய்த கிண்ணம் விற்கிறார்கள். பாலை ஊற்றி வைத்தால் உறை ஊற்றாமலே தயிராகிவிடுமாம். தமிழ்க் குடும்பம் ஒன்று நாலு கிண்ணம் வாங்கியது. கோட்டை வாசலில் அரசு அனுமதி பெற்ற பாங்குக் கடை, அதாவது கஞ்சா இலைச் சரக்கு விற்கும் கடை, இருக்கிறது; அங்கே கூட்டம் எப்போதும் அமைதியாக நிற்கும். ஊரிலேயே ஒழுங்காக வரிசையில் நின்ற ஜனங்கள் அவர்கள்தான்.

கடிசர் ஏரிக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. பதினாலாம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி செப்பனிட்ட ஏரி. ஊரே அதைக் குடித்துத்தான் பிழைத்தது. இப்போது இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் அதை நிரப்புகிறது. பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் சேருமிடத்தில் புறப்பட்டு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் மணலில் நடந்து வருகிற தண்ணீர். அவ்வளவு தூரம் வந்ததற்குக் கைம்மாறாக நாம் அதில் மிதிபடகு விடுகிறோம். கரையில் நிற்பவர்கள் கெளுத்திமீன்களுக்கு ரொட்டி பிய்த்துப் போடுகிறார்கள். பஞ்சாபி கோதுமையைப் பஞ்சாபித் தண்ணீரிலேயே கரைக்கும் ஏற்பாடு.

ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் குல்தரா. பாலிவால் பிராமணர்கள் பல தலைமுறை வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கவாக்கில் விட்டுப்போன கிராமம். அந்த 20 சென்டிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு கோதுமையும் கடலையும் விளைவித்த ஜனங்கள். பாறைச் சரிவுகளில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் கரை கட்டித் தேக்குவார்கள். நீர் மண்ணில் இறங்கிய பிறகு, அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் குளிர்காலப் பயிர் வைப்பார்கள். கடீன் என்று பெயர். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் கடீன் நிலங்களில் விளைச்சல் உண்டு. சுற்றுச்சூழல் எழுத்தாளர் அனுபம் மிஸ்ரா போன்றவர்கள் இதையெல்லாம் மெனக்கெட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலையில்லை போலிருக்கிறது. எங்களோடு வந்த கூட்டத்தில் கடீனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பேய் எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்டார்கள். வழிகாட்டியும் பொறுப்பானவர், சாயங்காலத்துக்கு மேல் என்று நேரம் குறித்துக் கொடுத்தார்.

திவான் சலீம் சிங் வரிமேல் வரி போட்டதாகவும், ஊர்த்தலைவர் மகள்மேல் கண் வைத்ததாகவும், அதனால் எண்பத்துநாலு கிராமத்தாரும் ஒரே ராத்திரியில் கிளம்பிப் போனதாகவும் கதை. கிணறுகள் வற்றியது ஒரு காரணம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் வற்றிய கிணற்றை நம்பி யார் நூறு கிலோமீட்டர் வருவார்கள்? சலீம் சிங்கின் மாளிகை ஜெய்சல்மேரிலேயே இருக்கிறது, மயில் வடிவத் தாங்கிகளோடு, மிக அழகாக. ஊரைக் காலிசெய்தவர் மாளிகைக்கும் டிக்கெட், காலியான ஊருக்கும் டிக்கெட். நீதி என்பது இப்படி இரு தரப்புக்கும் சமமாக இருக்கவேண்டும்.

மாலையில் சாம் மணல்மேடு. ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பாலைவனத்தின் தனிமையை அனுபவிக்க வந்தவர்கள் சில ஆயிரம் பேர் அங்கே கூடியிருந்தார்கள். தனிமை எல்லோருக்கும் போதவில்லை. ஆகவே கூடாரத்துக்குக் கூடாரம் ஒலிபெருக்கி வைத்துச் சமாளித்தார்கள். சில முகாம்களில் நீச்சல்குளம் உண்டு. மணலில் ஜீப்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. ஏறியவர்கள் அலறினார்கள், அதற்காகத்தான் காசு. மேட்டின் உச்சியிலே நூடுல்ஸ் கிடைக்கிறது. காலியான தட்டுகளும் பாட்டில்களும் காற்றில் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குப் போய்வருகின்றன. மணலுக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

கலை நிகழ்ச்சியும் உண்டு. மாங்கணியார் சமூகத்துப் பெரியவர் ஒருவர் கமாய்ச்சா வாசித்தார். முஸ்லிம்களான இவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்துப் புரவலர்களின் வீட்டுப் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடி, அவர்கள் குலவரிசையையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். அந்தக் கிழவரின் வில் நரம்பில் இழுபட்டபோது சபையில் பாதிப் பேர் மெய்ம்மறந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாட்டு முடிந்ததும் ரசிகர்கள் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டிஜேயை அழைத்தார்கள். வயதானவர்களிடம் நமக்கு எப்போதுமே பரிவு அதிகம். 2010-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த கால்பேலியா ஆட்டமும் வந்தது; ஆடிய பெண்ணோடு சேர்ந்து ஆட நாலு மாமாக்கள் எழுந்துவிட்டார்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அவ்வளவு நெருக்கமாக நின்று ஏற்றுக்கொண்டவர்களை நான் பார்த்ததில்லை. ராத்திரி நட்சத்திரம் பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினேன். லேசர் விளக்கு அதைவிடப் பச்சையாகவும் சிவப்பாகவும் இருந்தது. 2025 மே மாதத்தில் எல்லை தாண்டி ட்ரோன்கள் வந்த இரவுகளில்தான் ஜெய்சல்மேர் விளக்கணைத்து இருந்தது. இங்கே இருட்டு வேண்டுமென்றால் போர் வரவேண்டும்.

ஒட்டகத்தை மறந்துவிட்டேனே. ராஜஸ்தான் அரசு 2014-ல் அதை மாநில விலங்காக்கியது. 2015-ல் சட்டமும் போட்டது. வெட்டக்கூடாது, வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. அன்பு மிகுந்த சட்டம். சந்தையில் வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. வளர்த்தவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். நாட்டில் 2012 கணக்கெடுப்பில் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019-ல் இரண்டரை லட்சம். இன்னும் கொஞ்சம் அன்பு செலுத்தினால் கணக்கெடுக்கும் சிரமமே இருக்காது.

கானமயிலுக்கும் இதே மரியாதைதான். அது 1981 முதல் மாநிலப் பறவை. இயற்கையில் மிஞ்சியிருப்பது நூற்றைம்பதுக்கும் குறைவு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துப் புல்வெளிகளில். அதே புல்வெளிகளின்மேல் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் வந்துவிட்டன. படா பாக்கில் பழைய மகாராவல்களின் நினைவு மண்டபங்களைப் படமெடுத்தால் பின்னணியில் காற்றாடிகள் சேர்ந்தே விழும். சுத்தமான மின்சாரம், யாரும் குறை சொல்லமுடியாது. அந்தப் பறவைக்குக் கண்கள் பக்கவாட்டில். கனத்த உடம்பை வைத்துக்கொண்டு எதிரேயிருக்கும் மின்கம்பியைப் பார்த்து விலகத் தெரியாது, மோதி விழுகிறது. கம்பிகளைப் புதைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அரசு சொல்ல, 2024-ல் உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு வைத்தார்கள். முன்னால் வருவது தெரியாத பறவைக்காக இத்தனை தொலைநோக்குள்ளவர்கள் உட்கார்ந்து பேசியது நெகிழ்ச்சியாக இருக்கிறது.

கடைசியாக எல்லை. லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 இரவு சுமார் 120 இந்திய வீரர்கள், டாங்கிகளோடு வந்த பெரும்படையை விடியும்வரை தடுத்து நிறுத்தினார்கள்; விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன. பிடிபட்ட டாங்கிகளை அங்கே நிறுத்திவைத்திருக்கிறார்கள். குளிரில் அந்த இரவை மணலில் கழித்தவர்களை நினைத்து நிற்கவேண்டிய இடம். நினைத்தார்கள். டாங்கியின் பீரங்கிக் குழாய்முனையில் குழந்தையை உட்காரவைத்து, கூலிங்கிளாஸ் மாட்டி, 1997-ல் வந்த பார்டர் படத்து வசனத்தைப் பேசவைத்து நினைத்தார்கள். தனோட் கோவிலில் 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எல்லைப் பாதுகாப்புப் படையினரே கோவிலை நடத்துகிறார்கள். அங்கிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு எல்லைவரை போகலாம். வேலி, காவல் கோபுரம், மணல். ஒரு குடும்பம் ஏமாந்துபோனது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லையே, வாகாவில் அணிவகுப்பாவது நடக்கும் என்றார் அப்பா.

தார் எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் 2006-லிருந்து பக்கத்து மாவட்டத்து முனாபாவ் வழியாகச் சிந்துவுக்குப் போய்வந்தது. அந்தப் பக்கம் அத்தையும் மாமனும் உள்ளவர்கள் அதில் போவார்கள். பெண் கொடுத்து, பெண் எடுப்பார்கள். 2019 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் உறவுள்ளவர்களுக்கு வழி கிடையாது. யாருமே இல்லாத நமக்கு எல்லைக்கோடுவரை தார்ச்சாலையும் டீயும் உண்டு. விருந்தோம்பலில் ராஜஸ்தானை மிஞ்ச முடியாது என்று சும்மாவா சொல்கிறார்கள்.

இதுவரை போகாதவர்கள் உடனே கிளம்புங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். அறையைக் கோட்டைக்குள்ளேயே எடுங்கள், குளியல் தொட்டி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொத்தளங்கள் மொத்தம் 99, விழுந்திருப்பது கொஞ்சம்தான். பொறுமையாகக் குளியுங்கள், எல்லோருக்கும் ஆளுக்கொன்று வரும்.